அட்டனில் நான்கு மணிக்கு

ஆவுடையார்கோவில்
12-3-1960

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பொங்கல் கடிதத்துக்கு இதுவரை பதில் போடாதது சோம்பலால் அல்ல. எழுதும்படி ஒரு செய்தி வரட்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது. மே மாதம் நான் இலங்கைக்கு வருகிறேன்.

எங்கள் தாலுகா ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் சேர்ந்து எங்காவது போவது உண்டு. போன வருஷம் மைசூர். இந்த வருஷம் தலைமையாசிரியர் ரெங்கசாமி சார், "ஒரு தடவ கடலத் தாண்டிப் பாத்துருவோமுங்க" என்று கிளப்பிவிட்டார். முப்பத்தொரு பேர் சேர்ந்திருக்கிறோம், அதில் ஒன்பது பேர் பெண்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே அனுமதித் தாள். போன முப்பத்தொரு தலையும் அப்படியே திரும்பியாக வேண்டுமாம். அதனால் சார் இப்போதே எங்களைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிப் பழகுகிறார்.

அநுராதபுரம், கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று எட்டு நாள். பட்டியலில் அட்டன் இல்லை. நான் போய்க் கேட்டேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாது. நீ போகும்போது எனக்குப் பத்து வயது. நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை. நூலகத்தில்கூட நூலகர் தானாக நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன். ஆனால் இதைக் கேட்டேன். எப்படியும் ஒரு தேயிலைத் தோட்டம் பார்க்கப் போகிறோமே, அது அட்டனுக்குப் பக்கத்தில் இருக்கட்டுமே என்றேன். சார் எழுதிப் போட்டு, ஒரு தோட்டத்தில் சம்மதமும் வாங்கிவிட்டார். மே பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மதியம் தோட்டம். மாலை நான்கு மணிக்கு அட்டன் டவுன். அரை மணி நேரம் நிறுத்துவார்களாம்.

ஆத்தாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆத்தா, நான் அக்காவப் பாக்கப் போறேன்."

"பாத்து?"

"பேசிட்டு வாரேன்."

"பேசிப்புடாத" என்றாள், தலை நிமிராமலே. "அப்பன் செத்து எட்டு வருசமாச்சு, அக்காளும் தங்கச்சியும் இன்னும் மொகம் பாக்கல. பாத்த ஒடனே கட்டிக்கிட்டு அழுகணும். அழுது முடிச்சுத்தான் வாயத் தெறக்கணும். ஒரு வார்த்த முந்திக்கிட்டாலும் செத்தவனுக்கு அது அழுக இல்ல. அப்புடி அழுதுட்டு வந்து என்கிட்டச் சொல்லு. அன்னிக்கு அவ பேர நான் என் வாயால சொல்றேன்."

அக்கா, எட்டு வருஷமாக அவள் உன் பெயரைச் சொன்னதில்லை. 'அங்கிட்டு இருக்கறவ' என்றுதான் சொல்வாள். இப்போது அவளாகவே ஒரு வழி சொல்லியிருக்கிறாள். கார்த்திகையிலிருந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. அறந்தாங்கி டாக்டர் இருதயம் வீங்கியிருக்கிறது என்கிறார். எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் எழுது.

உண்ணாமலை

*

அட்டன்
2-4-1960

அன்புத் தங்கை உண்ணாமலைக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. வாத்தியாரம்மா எழுத்து.

ஆத்தா என்னைப் பற்றி என்ன சொல்வாள் என்று எனக்கும் தெரியும். நாட்டுக்காக அப்பனுக்கு அழாதவள். மூக்காயி சின்னம்மா மகன் இந்தப் பக்கம் வந்தபோது சொன்னான். நான் வராதது ஏன் என்று உனக்காவது தெரியட்டும். அப்பா இறந்த தந்தி வந்தபோது எங்கள் பிரஜாவுரிமை மனு விசாரணையில் இருந்தது. உன் மச்சான் பிறந்ததே இங்கேதான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். மனுவில் என் பேரும் பிள்ளைகள் பேரும் உண்டு. விசாரணைக்குப் போட்ட நாளும் அப்பாவின் கருமாதி நாளும் ஒன்று. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மனு போச்சு என்றார்கள். கடலைத் தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். நான் விசாரணைக்குப் போனேன். அந்த அதிகாரி, "அடுத்த தவணைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து தவணைதான். இன்னும் முடிவு வரவில்லை.

வீட்டுக்கு வர வேண்டாம். மச்சான் ஸ்டோர் ஆபீஸ் வேலையாக வெளியே போயிருப்பார். வீட்டில் வெள்ளையடிப்பு வேறு நடக்கும். அட்டன் ஸ்டேஷனில் பெண்கள் தங்கும் அறை இருக்கிறது. நான்கு மணிக்கு அங்கே இரு. நான் வந்துவிடுவேன். யாரும் இல்லாத இடம். அழலாம்.

என்னை நீ எப்படி அடையாளம் காண்பாய்? நான் உன்னைக் கண்டுபிடித்துக்கொள்வேன். நீ உட்கார்ந்தே இரு.

நீங்கள் பார்க்கப்போகும் தோட்டத்துக்கு என்ன பெயர்? மறுதபாலில் எழுது.

ஆத்தாவுக்குப் படுக்கும்போது தலைக்கு உயரமாக வைக்கச் சொல். இங்கே ஒரு கிழவிக்கு அப்படித்தான் மூச்சு அடங்கியது.

அழகி

*

கண்டி
9-5-1960

அக்கா,

தோட்டத்தின் பெயர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கும். இந்தக் கார்டு நாளைக்கு முன் உன்னிடம் வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இங்கே ஒன்பது பேரும் ஒரே கூடத்தில் படுத்திருக்கிறோம். யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு பயம். நாளைக்கு அழுகை வராமல் போய்விட்டால்? அப்பா போனபோது எனக்குப் பதினைந்து வயது. எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நான் நடுவில் மரம் மாதிரி நின்றேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாவலில் யாரோ சாகிற இடத்தில்தான் தேம்பித் தேம்பி அழுதேன். ஆத்தா அதைப் பார்த்துவிட்டாள். "அச்சுல இருக்கறவனுக்கு அழுகிறா" என்றாள். 

நீ தொடங்கு. நான் சேர்ந்துகொள்கிறேன்.

உ.

*

ஆவுடையார்கோவில்
29-5-1960

அக்காவுக்கு,

ஊர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சரி, நானே எழுதுகிறேன். அந்த ஒரு நாளை முழுவதுமாக எழுதுகிறேன். நீ வராத நாள் எப்படி இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ரெங்கசாமி சார் விடியுமுன்பே விசில் ஊதி எழுப்பினார். ஐந்தரைக்குத் தலதா மாளிகையில் முரசு. புத்தரின் பல் இருக்கிறது என்கிற பேழையைத் தூரத்திலிருந்து பார்த்தோம். தாமரை மொட்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு பெண்கள் சத்தமில்லாமல் நின்றார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. "முப்பத்தொண்ணு! கிளம்பு!" என்று சார் கத்தினார்.

ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டை ஆற்றில் யானைகள் குளிக்கிற இடம். தையல் டீச்சர் முத்துமாரியம்மாளை எல்லோரும் சேர்ந்து உசுப்பி யானைமேல் ஏற்றிவிட்டார்கள். யானை நேரே தண்ணீருக்குள் நடந்தது. "யோவ், எறக்கி விடுய்யா! பரிச்சப் பேப்பர் நாப்பது திருத்தாமக் கெடக்கு! நான் செத்தா எவன்யா திருத்துவான்?" என்று டீச்சர் அலறியது ஆற்றின் அக்கரை வரை கேட்டிருக்கும். பாகனுக்குத் தமிழ் தெரியாது. அவன் யானையை இன்னும் உள்ளே விட்டான்.

பிறகு பேராதனைப் பூங்கா. பந்தல் போட்டது போல ஒரே மரம் ஒரு மைதானத்தையே மூடி நிற்கிறது. ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம். சார் எங்களை ஆறு ஆறு பேராக அனுப்பினார். நடுப்பாலத்தில் சித்திர மாஸ்டர் பெரியண்ணன் வேண்டுமென்றே குதித்தார். கீழே தண்ணீர் ஆடியதா, நான் ஆடினேனா என்று தெரியவில்லை. ஆனால் அக்கா, நான் சிரித்தேன். அன்று காலை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாலையில் அழப்போகிறவள் இப்படிச் சிரிக்கலாமா என்று கொஞ்சம் உறுத்தியது.

கம்பளையைத் தாண்டியதும் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைத்துக் கிடந்தது. டிரைவர் சிங்களவர். எங்களிடம் கையை விரித்துக் காட்டிவிட்டு பீடி பற்றவைத்தார். ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டி, கிளைகளை ஒடித்து மண்ணைத் தள்ளினார்கள். நானும் இறங்கிக் கையால் அள்ளினேன். மணி பன்னிரண்டரை. அந்த மண் மேட்டுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு அள்ளினேன். முழங்கால்வரை அட்டை ஏறிவிட்டது. முத்துமாரியம்மாள் டீச்சர் புளிச்சோற்றுக்குக் கொண்டுவந்த உப்பைத்தான் எல்லோர் காலிலும் தடவினார். "ஒனக்கு மட்டும் என்னடி இம்புட்டு அவசரம்? மாப்பிள்ள பாக்கப் போறியா?" என்று கேட்டார். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று நான் அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சாருக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்டத்துக்கு ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கிளார்க் ஒருவர் குடை பிடித்து அழைத்துப் போனார். இலையை வாட்டுகிற மாடி, உருட்டுகிற இயந்திரம், சலிக்கிற சல்லடை எல்லாம் காட்டினார்கள். பிறகு கொழுந்து பறிக்கிற மலைக்குக் கூட்டிப் போனார்கள். தலையில் கம்பளி போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வரிசையாகப் பெண்கள். பெரியண்ணன் மாஸ்டர் நாலு பேரை முன்னால் கூப்பிட்டு, எங்களை இடையிடையே நிற்கவைத்துப் படம் எடுத்தார். "சிரிங்க, சிரிங்க! ஊர் சுத்த வந்த எடத்துல எழவு வீட்டு மூஞ்சி வேணாம்!" என்றார். கங்காணியும் அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அதட்டினார். எனக்குப் பக்கத்தில் நின்றவளிடம், பேசாமல் நிற்பது மரியாதையில்லையே என்று, எந்த ஊர் என்று கேட்டேன். "இங்கிட்டுத்தாங்க" என்றாள். "படிக்கத் தெரியுமா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். உன் ஊருக்கு நான் வந்தேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஸ்டேஷன். பெண்கள் அறையில் ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை. நீ சொன்னபடி உட்கார்ந்தே இருந்தேன். நல்ல சேலை கட்டி, குடை பிடித்து யார் வந்தாலும் எழுந்தேன். நாலரைக்கு சார் வந்து எட்டிப் பார்த்தார். ஐந்துக்கு வந்தார். ஐந்தே காலுக்கு வந்து, "அம்மா, மூணு டீச்சர் குளுருல நடுங்குறாங்க. இருட்டுறதுக்குள்ள மல ஏறணும்மா. உன்ன விட்டுட்டுப் போனா முப்பது பேரும் கப்பலேற முடியாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். கெஞ்சினார். எழுந்து போனேன்.

அழுவதற்குத் தயாராக ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அழுகை வந்து நின்றது. பயப்பட்டது போல வராமல் போகவில்லை. கொடுக்கத்தான் ஆள் இல்லை.

வீட்டு வாசலில் ஆத்தா கேட்டாள்: "அழுதீங்களா?"

"அவ வரல ஆத்தா."

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏன் வரவில்லை? வெள்ளையடிப்பு முடியவில்லையா?

உண்ணாமலை

*

அட்டன்
3-7-1960

உண்ணாமலைக்கு,

படத்தில் உன் இடது கைப்பக்கம் நிற்கிறவள் நான்தான்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பத்து நாள் தாளை மடித்து வைத்திருந்தேன்.

உன் மச்சான் நான் எழுதிவந்தது மாதிரி கணக்கப்பிள்ளை இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார். நான் கொழுந்து எடுக்கிறேன். ஓட்டு வீடும் இல்லை, கண்ணாடி ஜன்னலும் இல்லை. லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை, ஒரு காம்பரா, நாலு பிள்ளைகள். நாற்பத்தொன்பதில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தபோது, அவர் மனசு நிறையட்டும் என்று ஒரு பொய் எழுதினேன். அப்பா அதை ஊர் முழுக்கப் படித்துக் காட்டினார் என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அப்புறம் எப்படி நிறுத்துவது? வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல் கூடிக்கொண்டே போனது. அதனால்தான் கடிதம் போட டவுனில் ஒரு கடை விலாசம் கொடுத்தேன்.

நீ தோட்டத்தின் பெயரை எழுதியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்தில் எத்தனையோ தோட்டம் இருக்கிறது. உனக்காக உங்கள் சார் பிடித்தது என் தோட்டத்தை. அன்றைக்கு நான் வேறு மலையில் நின்றிருக்கலாம். வேண்டும் என்றுதான் கங்காணியிடம் கெஞ்சி, நீங்கள் வரும் மலையில் ஒரு நிரை, பறிக்கிற வரிசை, வாங்கினேன். முதலில் ஒரு தடவை உன்னைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிறகு அரை நாள் போட்டு, குளித்து, பக்கத்துக் காம்பரா லெச்சுமியிடம் இரவல் கேட்டு வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவதாகத்தான் இருந்தேன். இதை நீ நம்ப வேண்டும்.

பாதை வளைவில் நீ இறங்கும்போதே தெரிந்துவிட்டது. அப்பா மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறாய். சேலைக் கரை ஈரம், காலெல்லாம் சேறு. நான் ஒளிந்துகொண்டுதான் நின்றேன். அந்த மாஸ்டர் விரலை நீட்டி என்னைக் கூப்பிட்டார். கங்காணி தள்ளிவிட்டான். உன் தோள் என் தோளில் பட்டது.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கட்டிப் பிடித்து அழுதிருக்க வேண்டும். ஆத்தா சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளார்க், கங்காணி, உன்னோடு வந்த முப்பது பேர், எல்லார் முன்னாலும், கூடையோடும் படங்கோடும், "எங்கப்பனே" என்று வாய்விட்டு அழுதிருக்க வேண்டும். அழுதால் ரெங்கசாமி சாருக்கும் அந்த டீச்சருக்கும் தெரிந்துவிடும், உண்ணாமலையின் அக்கா யார் என்று. ஊருக்குத் தெரிந்துவிடும். அப்பா படித்துக் காட்டிய கடிதமெல்லாம் பொய்யாகிவிடும். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

நீ ஊர் கேட்டாய். வாய் முந்திக்கொண்டது. நான் தூக்கிச் சுமந்த பிள்ளைக்கு 'ங்க' போட்டுப் பதில் சொன்னேன். சொன்ன அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது, எல்லாம் போயிற்று என்று. அழுமுன்னால் பேசியாகிவிட்டது. படிக்கத் தெரியுமா என்று கேட்டாய். தெரியும் என்று சொல்லியிருந்தால் அடுத்து ஏதாவது கேட்டிருப்பாய்.

சேலை கட்டிக்கொண்டு ரோட்டு வளைவு வரை வந்தேன். நீ என்னைப் பார்த்ததும், "இப்பத்தானே இவள் கூடையோடு நின்றாள்" என்று உன் முகம் மாறும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் பஸ் என்னைத் தாண்டித்தான் போனது. ஜன்னலோரம் நீ இல்லை.

அழகி

*

ஆவுடையார்கோவில்
10-8-1960

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். நடத்தியது எதுவும் நினைவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. நீ என்னிடம் ஜன்னல் ஜன்னலாகப் பொய் சொன்னாய், அது உண்மை. நான் உன்னைத் தொட்டுக்கொண்டு நின்றும் கண்டுபிடிக்கவில்லை, அதுவும் உண்மை. கொழுந்து பறிக்கிறவளின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கம்பளியைப் பார்த்தேன், கூடையைப் பார்த்தேன், பார்த்ததைப் பிறகு நோட்டில் எழுதிக்கொண்டேன். இத்தனை படித்தது இதற்குத்தானா?

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். இதைச் செய்ததற்கு நீ என்னைத் திட்டலாம்.

ஆத்தாவுக்குக் கால் வீங்கிவிட்டது. உட்கார்ந்தபடியேதான் தூக்கம். இனி நேரம் இல்லை என்று எனக்குப் பட்டது. ஆகவே பொய் சொன்னேன். நீ வந்தாய் என்றும், நான்தான் வேறு ஏதோ கோபத்தில் நீ வரவில்லை என்று சொல்லிவிட்டேன் என்றும், இருவரும் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதோம் என்றும் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உன்னை நான் பார்த்தது நிஜம்தானே, அதற்காவது சாட்சி காட்டலாம் என்று அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது எவ்வளவு பெரிய தவறு என்று தோன்றவே இல்லை. "இவதான் அக்கா" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். கூடையைப் பற்றிக் கேட்பாள், கம்பளியைப் பற்றிக் கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அதையெல்லாம் கேட்கவே இல்லை.

"ரெண்டு பேரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள்.

"அது படத்துக்காகச் சிரிச்சது ஆத்தா. அதுக்கு முன்னாடியே அழுதுட்டோம்."

"அழுத மூஞ்சியா இது?" பிறகு கேட்டாள்: "என்ன சொல்லி அழுதா?"

அக்கா, நம் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட ஒரு சாவுக்கு நின்ற நிலையில் நாற்பது அடி கட்டிப் பாடுவார்கள். நான் வாயைத் திறந்தேன். "எங்கப்பனே" என்று நீ எழுதியிருந்த ஒரு சொல்தான் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

"போதும்" என்றாள். படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போ."

நீ வந்துவிடு, அக்கா. மனு, தவணை எல்லாம் கிடக்கட்டும். திரும்பப் போக முடியாது என்றால் போக வேண்டாம். மச்சானும் பிள்ளைகளும் பின்னால் வரட்டும். ஆத்தா முன்னால் வந்து நின்று அழு. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

உண்ணாமலை

*

அட்டன்
28-8-1960

உண்ணாமலை,

வா என்று எழுதுவது சுலபம். கடைசிப் பிள்ளை இன்னும் பால் குடிக்கிறாள். அவளை விட்டுவிட்டு வரவா? தூக்கிக்கொண்டு வந்தால் மற்ற மூன்று பேரை யார் பார்ப்பது? நான் போன பிறகு மனு தள்ளுபடி ஆனால் மச்சான் சும்மா இருப்பார், அவர் அக்கா இருக்கமாட்டாள். "எட்டு வருசம் காத்ததக் கெடுத்துட்டுப் போனா" என்பாள். அப்பாவுக்கு வராதவள் ஆத்தாவுக்கு மட்டும் வருவாளா என்று அந்தப் பக்கம் பேசுவார்கள். இரண்டு கரையிலும் எனக்கு ஒரே பெயர்தான்.

விசாரணைக்கு மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்டோபர் பதினெட்டு. அது முடியட்டும்.

அந்தப் படத்தைக் காட்டியிருக்க வேண்டாம்.

அழகி

*

அட்டன்
19-12-1960

உண்ணாமலை,

தந்தி ஐந்தாம் நாள்தான் என் கைக்கு வந்தது. கடைக்காரர் ஊரில் இல்லை.

மனு தள்ளுபடி. காகிதம் போன மாதமே வந்துவிட்டது. மச்சானின் பிறப்புக்குச் சாட்சி போதாதாம். எனக்கு இங்கேயும் பேர் இல்லை, அங்கேயும் இல்லை. இனிமேல் நான் எந்தத் தவணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆத்தாவும் இல்லை.

லயத்துப் பெண்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எல்லோரும் நம் பக்கத்துக்காரர்கள்தான், முறை தெரிந்தவர்கள். நான் அப்பாவுக்கும் சேர்த்து அழுதேன். யாருக்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசியில் ஆத்தா என் பெயரைச் சொன்னாளா? நான் உன்னிடம் பொய் எழுதினேன் என்பதற்காக நீ என்னிடம் பொய் எழுதாதே. எனக்கு ஆறுதல் வேண்டாம். நடந்ததை எழுது.

அழகி

*

ஆவுடையார்கோவில்
8-1-1961

அக்கா,

ஆத்தா படுத்தது ஒன்பது நாள். பேச்சு கடைசிவரை தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நான் பக்கத்திலேயே இருந்தேன். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான் சரி. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு கவனமாக எதையும் படித்ததில்லை.

நிறையப் பெயர்கள் சொன்னாள். சின்ன வயதில் செத்துப்போன தன் தம்பி வீரய்யாவைக் கூப்பிட்டாள். மூக்காயி சின்னம்மாவுக்குச் சொல்லிவிடு என்றாள். தன்னோடு நடவு நட்ட பெண்களை ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். அதில் பாதிப் பேர் யாரென்று எனக்குத் தெரியாது. விற்றுப்போட்ட மாட்டைக் கூப்பிட்டாள். அப்பாவை மட்டும், வழக்கம் போல, 'ஒங்கப்பா' என்றாள். என்னை எத்தனையோ தடவை கூப்பிட்டாள்.

எட்டாம் நாள் நானே கேட்டேன். உன் பெயரைச் சொல்லி, "அவளுக்கு ஏதாச்சும் எழுதணுமா ஆத்தா?" என்றேன். என்னைப் பார்த்தாள். கேட்டது காதில் விழாமலில்லை. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

அடக்கம் அன்று சின்னப்பிள்ளை அத்தை பாடிய ஒப்பாரியில் உன் பெயர் வந்தது. கடல் தாண்டிப் போன மூத்தவளே என்று இழுத்து, அழகி என்று சொல்லித்தான் பாடினாள். அது அத்தை சேர்த்தது. இதை நீ வேறு யார் மூலமாவது கேள்விப்பட்டு வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பொய்யாக ஒரு வரி எழுதி அனுப்பலாம் என்று நேற்று ஒரு தாள் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

ஆத்தா சொல்லவில்லை, அக்கா.

உண்ணாமலை